கோடாலியிலிருந்து சங்கிலி வாளுக்கு: பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து மரவெட்டுப் பாதுகாப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் வனவரலாறு பெரும்பாலும் மரத்தின் வரலாறாகவும் வன ஆட்சியின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. மரத்தை வெட்டியவரின் தொழில்நுட்ப அறிவு அதில் சிறு இடமே பெற்றுள்ளது. பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த தோணிரேவு முதலிய ஊர்களின் வட்டாரத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, கோடாலி, இருவர் இழுக்கும் ரம்பம், சங்கிலி வாள் ஆகிய மூன்று கருவிகளின் வழியே மரவெட்டுப் பாதுகாப்பு அடைந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய கருவிகளில் பாதுகாப்பு என்பது தனியே கற்பிக்கப்பட்ட விதியாக இல்லாமல் வேலையின் இயல்பிலேயே அடங்கியிருந்தது என்பதும், இயந்திரம் அவ்வியல்பை நீக்கியதால் அவ்வறிவை வெளிப்படையான விதிகளாக்கிக் கற்பிக்க வேண்டிய தேவை எழுந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, தோணிரேவு, சவுக்கு, மரவெட்டு, சங்கிலி வாள், தொழிற்பாதுகாப்பு, புயல்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் பழவேற்காட்டு ஏரி அமைந்துள்ளது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. இதன் பெரும்பகுதி இன்று ஆந்திரப் பிரதேசத்தில் அடங்குகிறது. தென்பகுதியில் தமிழகத்தைச் சார்ந்த மீனவ ஊர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான தோணிரேவு என்னும் ஊர்ப்பெயரில் தமிழும் தெலுங்கும் கலந்து நிற்கின்றன. 'தோணி' நீர்க்கலத்தைக் குறிக்கும். 'ரேவு' என்பது தெலுங்கில் துறையைக் குறிக்கும். தோணிகள் வந்து அணையும் துறை என்பதே இப்பெயரின் பொருள். பழவேற்காடு என்னும் பேரூரின் பெயரிலோ 'காடு' நிற்கிறது.

துறையும் காடும் இவ்வாறு அருகருகே நிற்பது பெயரளவில் மட்டும் அன்று. தோணிக்கும் கட்டுமரத்திற்கும் மரம் வேண்டும். அடுப்புக்கும் மீனைப் பதப்படுத்துவதற்கும் விறகு வேண்டும். குடிசைக்கும் வலை உலர்த்தும் பந்தலுக்கும் கம்பு வேண்டும். இவை அனைத்தும் யாரோ ஒருவர் ஒரு மரத்தைச் சாய்த்த பின்னரே கிடைத்தவை. அவ்வாறு சாய்த்தவர் எவ்வாறு சாய்த்தார், தம் உயிரையும் அருகிருந்தோர் உயிரையும் எவ்வாறு காத்துக்கொண்டார் என்பது வரலாற்று வினாவாக அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. புயலுக்குப் பின் தெருவில் விழுந்து கிடக்கும் மரத்தை இயந்திரத்தால் அறுக்கும் காட்சி தமிழகக் கடற்கரையில் இயல்பாகிவிட்ட இக்காலத்தில் அவ்வினா உயிரோடு தொடர்புடையதாகவும் ஆகிவிட்டது.

சான்றுகளில் மரமும் மனிதனும்

மரத்தை வெட்டுதல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிய செய்தி அன்று. பகைவரின் காவல்மரத்தைத் தடிதல் வெற்றியின் அடையாளமாகச் சங்கப் பாடல்களில் இடம்பெறுகிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடம்பை வெட்டி முரசு செய்ததையும், செங்குட்டுவன் பழையனின் வேம்பை வீழ்த்தியதையும் பதிற்றுப்பத்து பதிவு செய்கிறது. ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 36ஆம் பாடலில், கொல்லன் அரத்தால் கூர்தீட்டிய நெடுங்காம்புடைய கோடாலி 'நவியம்' எனச் சுட்டப்படுகிறது. காவல்மரங்கள் வெட்டப்படும் ஓசை அரண்மனைக்குள் ஒலிப்பதாக அப்பாடல் காட்டுகிறது. கருவியும் அதனைக் கூர்செய்தவனும் ஓசையும் அங்கே உண்டு. கோடாலியை ஓங்கிய கைகளுக்குரியவர் எவர் என்பது மட்டும் இல்லை. செயல் அரசனின் பெயரில் நிற்கிறது.

காலனிய ஆவணங்களின் நிலையும் இதனின் வேறன்று. ஆனைமலைத் தேக்குக் காடுகளைப் பொறுப்பேற்க ஜேம்ஸ் மைக்கேல் என்னும் படை அலுவலர் 1848இல் அமர்த்தப்பட்டார். 1856இல் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளரானார். தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய அவரது நூல் 1861இல் வெளிவந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. 1912இல் கோயம்புத்தூரில் வனக் கல்லூரி தொடங்கப்பட்டது. இவ்வளர்ச்சியின் வழியே எந்த மரத்தை வெட்டலாம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டலாம், எவ்வளவு வருவாய் கிடைக்கும் என்பவை துல்லியமாகக் கணக்கிடப்பட்டன. வெட்டும் தொழிலாளியின் அறிவு கூலிக் கணக்கின் ஒரு வரிக்குள் அடங்கிப்போயிற்று. அவ்வறிவைக் கருவியின் அமைப்பு, மரத்தின் இயல்பு, வட்டாரத்தின் தேவை ஆகிய மூன்றையும் இணைத்தே இன்று மீட்டுணர வேண்டியுள்ளது.

பழவேற்காட்டுக் கரையும் சென்னையின் விறகும்

17ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு பன்னாட்டு வணிகத் துறைமுகமாக விளங்கியது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்குக் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியபின் இவ்வூரின் வணிகப் பெருமை படிப்படியாகக் குறைந்தது. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் ஆட்சிக்குள் முழுமையாக வந்தது.

19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்திற்கு வேறொரு பணி வந்து சேர்ந்தது. வளர்ந்துவந்த சென்னை நகரத்திற்கு விறகு அனுப்பும் வழியாக இது மாறியது. 1806இல் பாசில் காக்ரேனின் முயற்சியால் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட உப்புநீர்க் கால்வாய் பின்னர் அரசின் பொறுப்பில் வடக்கு நோக்கி நீட்டிக்கப்பட்டுப் பழவேற்காட்டு ஏரியோடு இணைந்தது. 1877–78 பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியாக இக்கால்வாய் விரிவாக்கப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என அழைக்கப்பட்டது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடு இக்கால்வாயின் வழியாகச் சென்னையின் அடுப்புகளோடு தொடர்புற்றது. அத்தீவை 1835இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதையும், அங்கு வாழ்ந்த யானாதி மக்கள் காட்டுப்பொருள் சேகரிப்பில் ஈடுபடுத்தப்பட்டதையும் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் காணலாம். 1969இல் ராக்கெட் ஏவுதளத்திற்கென அத்தீவு தேர்ந்தெடுக்கப்பட்டபின் அதன் விறகு வரலாறு முடிவுக்கு வந்தது.

இதே காலப்பகுதியில் கடற்கரை மணலுக்குப் புதிய மரம் ஒன்று வந்தது. 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் ஓடியது. நீராவி எஞ்சினுக்கு எரிபொருள் தேவைப்பட்டது. நிலக்கரி தொலைவிலிருந்து வரவேண்டியிருந்ததால் விறகின் மதிப்பு உயர்ந்தது. மணலில் விரைந்து வளரும் சவுக்கு அத்தேவைக்குப் பொருந்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழமண்டலக் கரை நெடுகச் சவுக்குத் தோப்புகள் பரவின. இரயில் நிலக்கரிக்கு மாறியபின்னும் அடுப்பு விறகு, சாரக்கட்டுக் கம்பு, பிற்காலத்தில் காகிதக் கூழ் எனச் சவுக்கின் தேவை தொடர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் காப்பு அரணாகவும் சவுக்கு நடப்பட்டது.

பாதுகாப்பு நோக்கில் சவுக்கின் மூன்று இயல்புகள் கருதத்தக்கவை. முதலாவது, அதன் கட்டை கடினமானது, நீளவாக்கில் பிளக்கும் தன்மையுடையது. இரண்டாவது, நெருக்கமாக நடப்படுவதால் ஒரு மரம் சாயும்போது மற்றொன்றில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. மூன்றாவது, தளர்ந்த மணலில் நிற்பதால் பெருங்காற்றில் வேரோடு சாயக்கூடியது. இம்மூன்றும் வெட்டுபவருக்கு மூன்று தனித்தனி இடர்களை உண்டாக்குகின்றன.

கோடாலியும் ரம்பமும்: வேலைக்குள் அடங்கிய பாதுகாப்பு

மரத்தை விரும்பிய திசையில் சாய்க்கும் அடிப்படை முறை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்படும். இது இங்கு முன்வெட்டு எனப்படுகிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் சற்று உயரத்தில் இடப்படுவது பின்வெட்டு. இரண்டுக்கும் இடையே வெட்டப்படாமல் விடப்படும் கட்டைப் பகுதியைப் பிணை எனலாம். மரம் சாயத் தொடங்கும்போது இப்பிணை கதவின் கீல்போல மடங்கி, மரத்தை முன்வெட்டின் பக்கமாக வழிநடத்துகிறது. பிணை சீராக இருந்தால் மரம் திசை மாறாது. அது முழுவதும் அறுந்துவிட்டால் மரம் எப்பக்கமும் திரும்பலாம்.

கோடாலியால் வெட்டுபவர் இம்முறையையே கையாண்டார். தோப்பிலும் குடியிருப்பருகிலும் மரத்தின் மேற்பகுதியில் வடக்கயிறு கட்டி, மரத்தின் உயரத்தினும் கூடுதலான தொலைவில் நின்று ஆட்கள் இழுப்பதும் வழக்கம். இன்று பாதுகாப்பு விதிகளாக எழுதப்படும் பல செய்திகள் இவ்வழக்கத்தில் பேசப்படாமலே நிறைவேறின. அவற்றைக் காலம், ஓசை, துணை என மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதலாவது காலம். கோடாலி மெதுவான கருவி. ஒவ்வொரு வீச்சும் சிறு துண்டையே எடுக்கிறது. ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையே வெட்டுபவரின் பார்வை இயல்பாகவே மரத்தின் மேல் செல்கிறது. நுனி அசைகிறதா, வெட்டுவாய் விரிகிறதா, காற்று மாறியதா என்று கவனிக்க அவருக்கு நேரம் கிடைக்கிறது. களைத்து நிற்கும் நேரமும் கவனிக்கும் நேரமே.

இரண்டாவது ஓசை. மரம் முறியுமுன் நார்கள் தெறிக்கும் ஒலி எழும். கோடாலி வேலையில் வீச்சுகளுக்கு இடையே அமைதி உண்டு. அவ்வமைதியில் மரத்தின் முதல் முறிவொலி காதில் விழும். விலகுவதற்கான அறிவிப்பு அதுவே.

மூன்றாவது துணை. கயிறு இழுக்க ஆள் வேண்டும். பெரிய மரத்தை அறுக்கும் நீண்ட ரம்பத்திற்கு இரு முனையிலும் இருவர் வேண்டும். தனியாக வேலை செய்வது கருவியின் அமைப்பாலேயே தடுக்கப்பட்டிருந்தது. ஒருவருக்கு அடிபட்டால் கூப்பிட்ட குரலுக்கு மற்றவர் இருந்தார்.

இதனால் பழைய முறை ஆபத்தற்றது என்று கொள்ளலாகாது. கோடாலி நழுவிக் காலில் படுதல், கிளை முறிந்து தலையில் விழுதல், சிக்கிய மரம் எதிர்பாராமல் இறங்குதல் ஆகியவை அக்காலத்திற்கும் உரியவையே. வலியுறுத்த வேண்டியது வேறு. பழைய கருவியின் குறைகள் எனக் கருதப்பட்ட மெதுவும் ஆள்தேவையும் அதன் பாதுகாப்புக் கூறுகளாகவும் செயல்பட்டன. அவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை எழவில்லை. தேவை எழாததால் அவை எழுத்திலும் ஏறவில்லை.

சங்கிலி வாளின் வருகை

சங்கிலியில் பற்களைக் கோத்து அறுக்கும் எண்ணம் மருத்துவத்தில் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரி ஆகிய மருத்துவர்கள் எலும்பை அறுப்பதற்குக் கையால் இழுக்கும் சிறு சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினர். மரத்தொழிலுக்குரிய இயந்திரம் 20ஆம் நூற்றாண்டுக்குரியது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளையும் 1929இல் பெட்ரோலால் இயங்கும் சங்கிலி வாளையும் உருவாக்கினார். எமில் லெர்ப் 1927இல் துரிங்கியாப் பகுதியின் டோல்மார் மலையில் பெட்ரோல் இயந்திரம் ஒன்றைச் சோதித்தார். இத்தொடக்க கால இயந்திரங்களைத் தூக்க இருவர் தேவைப்பட்டனர்.

இரண்டு மாற்றங்கள் இதனைத் தனியொருவர் கருவியாக்கின. மரத்தைக் குடையும் வண்டுப்புழுவின் தாடை அமைப்பைக் கவனித்து அமெரிக்க மரவெட்டுநர் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் வடிவமைத்த புதிய சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. 1950-களில் எடை குறைந்த, ஒருவர் கையாளக்கூடிய இயந்திரங்கள் பரவின. பாதுகாப்பு உறுப்புகள் இவற்றுக்குப் பின்னரே வந்தன. கைப்பிடியின் அதிர்வைக் குறைக்கும் அமைப்புகள் 1960-களிலும், சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்தும் தடுப்பு 1970-களிலும் சந்தைக்கு வந்தன. வேகம் முதலில் வந்தது, காப்பு பின்னர் வந்தது என்னும் இவ்வரிசை தொழில்நுட்ப வரலாற்றில் பலமுறை காணப்படுவதே.

முன்னர்க் கூறிய மூன்று கூறுகளையும் இவ்வியந்திரம் ஒருங்கே நீக்கியது. சங்கிலி நொடிக்கு 20 மீட்டரளவு வேகத்தில் ஓடுகிறது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சவுக்கில் பின்வெட்டு ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். காலம் சுருங்கியது. இயந்திரத்தின் இரைச்சல் 100 டெசிபலைக் கடக்கிறது. காதுக்காப்பு அணியாவிட்டால் செவித்திறன் கெடும். அணிந்தாலும் அணியாவிட்டாலும் மரத்தின் முறிவொலி கேட்பதில்லை. ஓசை மறைந்தது. ஒருவரே வேலையை முடிக்கலாம் என்றானபின் துணையும் விலகியது.

வெட்டு முறைகள்: இழந்தவற்றை மீட்கும் விதிகள்

சங்கிலி வாளுக்கான பாதுகாப்பு விதிகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டுள்ளன. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1980இல் வெப்பமண்டலக் காடுகளுக்கென வெளியிட்ட சங்கிலி வாள் பயிற்சி நூலும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1998இல் வெளியிட்ட வனத்தொழில் பாதுகாப்பு நடைமுறை விதிகளும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இத்தகைய விதிகளைக் கருவி தரும் அச்சத்தால் விளைந்த கட்டளைகளாக மட்டும் காணாமல், கோடாலி தானாகவே தந்தவற்றை மீட்டெடுக்கும் முயற்சிகளாகக் காணும்போது அவற்றின் பொருள் தெளிவாகிறது.

காலத்தை மீட்கும் விதிகள் இயந்திரத்தை இயக்குமுன் செய்ய வேண்டியவை. மரத்தின் இயற்கைச் சாய்வு, கிளைப்பாரம் மிகுந்த பக்கம், காற்றின் திசை, பட்ட கிளைகள், அடிமரத்தில் சொத்தை, அருகிலுள்ள மின்கம்பி, வீடு, வழி ஆகியவற்றைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். விழும் திசையை முடிவு செய்தபின் அத்திசைக்கு எதிராகப் பின்புறம் சாய்வாக 45 பாகை அளவில் விலகிச் செல்லும் வழியைத் துப்புரவாக்க வேண்டும். நேர்ப்பின்னால் விலகுவது தவறு. சாயும் மரத்தின் அடி பின்னோக்கி உதைக்கக்கூடும்.

வெட்டின் அளவுகளும் காலத்தோடு தொடர்புடையவை. முன்வெட்டின் ஆழம் பொதுவாக விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை. பிணையின் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 30 சென்டிமீட்டர் சவுக்கில் முன்வெட்டு 6 முதல் 7.5 சென்டிமீட்டராகவும் பிணை 3 சென்டிமீட்டராகவும் அமையும். இந்த 3 சென்டிமீட்டரை இயந்திரம் சில நொடிகளில் அறுத்துவிடும். கோடாலிக்காரர் பிணையைத் தெரியாமல் வெட்டிவிடுவது அரிது. இயந்திரக்காரருக்கோ அது ஒரு கணக் கவனக்குறைவே. எனவே பின்வெட்டில் ஆப்பு செருகி மரம் பின்னோக்கி அமர்வதைத் தடுத்தபின், பிணைக்கு முன் நிறுத்தி ஆப்பை அடித்துச் சாய்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது. ஆப்பை அடிக்கும் நேரம் மரத்தைப் பார்க்கும் நேரமாகவும் அமைகிறது.

விழும் திசையிலேயே மிகுதியாகச் சாய்ந்து நிற்கும் மரம் தனி இடர் உடையது. பின்வெட்டு பாதி செல்லுமுன்னே மரத்தின் பாரம் அடிமரத்தை நீளவாக்கில் பிளந்து, பிளந்த பகுதியை மேலெழச் செய்து வெட்டுபவரைத் தாக்கும். பிளக்கும் இயல்புடைய சவுக்கில் இது மறக்கத்தகாதது. இத்தகைய மரத்தில் வாளின் தகட்டை அடிமரத்தின் ஊடே செலுத்தி, முதலில் பிணையை அளவாக அமைத்துப் பின்னோக்கி அறுத்து, பின்புறத்தில் ஒரு பட்டையை விட்டுவைத்து, விலகும் வழி தெளிவானபின் அதனை இறுதியாக அறுப்பது முறை. தகட்டின் நுனியின் மேற்பாதி கட்டையில் பட்டால் இயந்திரம் வெட்டுபவரின் முகத்தை நோக்கித் துள்ளி எழும். ஆகவே நுனியின் கீழ்ப்பாதியால் தொடங்கிச் செலுத்தப் பயிற்சி வேண்டும். பயிற்சியற்றவர் முயலக் கூடாத வெட்டு இது.

ஓசையை மீட்கும் விதி கண்ணிடம் ஒப்படைக்கப்படுகிறது. வெட்டுவாய் விரிதல், நுனி அசைதல், ஆப்பு தளர்தல் ஆகிய குறிகளில் ஏதேனும் ஒன்று தோன்றியதும் அறுப்பதை நிறுத்தி விலக வேண்டும். துணையை மீட்கும் விதிகள் இரண்டு. தனியாக வேலை செய்யலாகாது. வேலையில் ஈடுபடாதோர் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவுக்கு அப்பால் நிற்க வேண்டும். தலைக்கவசம், கண்காப்பு, காதுக்காப்பு, காலைக் காக்கும் சிறப்பு நார்த்துணியாலான காற்சட்டை, வன்காலணி ஆகியன இவற்றோடு சேர்கின்றன. செருப்பணிந்த காலும் கட்டிய வேட்டியும் கோடாலி வேலைக்கு ஓரளவு இசைந்தன. ஓடும் சங்கிலிக்கு முன் அவை காப்பாகா.

புயலும் இயந்திரமும்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சங்கிலி வாள் காட்டுத் தொழிலின் கருவியாக வளர்ந்தது. தமிழகக் கடற்கரைப் பொதுமக்களின் கண்முன் அது பெருமளவில் வந்தது புயலுக்குப் பிந்திய மீட்புக் கருவியாகவே. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் வீழ்த்தியது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் பல இலட்சம் தென்னைகளை அழித்தது. இத்தகைய வேளைகளில் தீயணைப்புத் துறையினர், அரக்கோணத்தைத் தளமாகக் கொண்ட தேசிய பேரிடர் மீட்புப் படையினர், உள்ளாட்சிப் பணியாளர், மின்வாரியத்தினர் ஆகியோரோடு ஊர்மக்களும் அறுக்கும் வேலையில் இறங்குகின்றனர். பேச்சு வழக்கில் 'செயின்சா', 'மரம் அறுக்கும் மிஷின்' என வழங்கும் கருவி வாடகைக்கும் கிடைக்கிறது.

இங்கு ஒரு முரண் உள்ளது. நிற்கும் மரத்தை வெட்டுவதினும் புயலில் விழுந்த மரத்தை அறுப்பது கடினமானது. நிற்கும் மரத்தில் பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கியே அமையும். விழுந்து வளைந்து கிடக்கும் அடிமரத்தில் ஒருபுறம் இழுவிசையும் மறுபுறம் அமுக்கவிசையும் தேங்கி நிற்கும். இழுபட்ட பக்கத்தை முதலில் ஆழமாக அறுத்தால் கட்டை வில்லைப்போலத் தெறிக்கும். அமுக்கப்பட்ட பக்கத்தை முதலிலே அறுத்துக்கொண்டே சென்றால் தகடு சிக்கிக்கொள்ளும். அமுக்கப்பட்ட பக்கத்தில் ஆழம் குறைந்த வெட்டிட்டு, பின்னர் இழுபட்ட பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக அறுப்பதே முறை. வேரோடு பெயர்ந்த மரத்தில் அடிமரத்தை அறுத்ததும் வேர்த்திரள் மீண்டும் குழிக்குள் நிமிர்ந்து விழக்கூடும். வேர்த்திரளின் பின்னால் வேடிக்கை பார்க்கும் சிறுவர் நிற்பதுண்டு. மணற்பாங்கான கரையில் இது கூடுதல் இடர்.

தென்னையும் பனையும் மற்றொரு சிக்கலைத் தருகின்றன. இவை ஆண்டு வளையமற்ற, நார்க்கட்டுகள் நிறைந்த தண்டுடையவை. தேக்கிலும் வேம்பிலும் பிணை செயல்படுவதுபோல இவற்றிலும் செயல்படும் என நம்பிவிட முடியாது. பிறநாட்டுப் பயிற்சி நூல்களின் அளவுகள் பெரும்பாலும் ஊசியிலை மரங்களையும் அகன்ற இலை மரங்களையும் கொண்டு வகுக்கப்பட்டவை. தென்னையில் ஏறி மட்டைகளை நீக்கி, கயிற்றால் கட்டித் துண்டு துண்டாக இறக்கும் உள்ளூர்த் தொழிலாளர் அறிவு இவ்விடத்தில் நூலறிவுக்குத் துணையாக வேண்டும். கடினமான வேலை இவ்வாறு குறைந்த பயிற்சி உடையவரிடம், மின்சாரமும் வழியும் அடைபட்ட அவசரத்தில், இரவும் பகலுமாக வந்து சேர்கிறது.

சட்டம் கண்டதும் காணாததும்

மரவெட்டின் ஆபத்தைச் சட்டம் அறியாமல் இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இழப்பீட்டுக்குரிய தொழில்களைப் பட்டியலிட்டது. பனை இறக்குதல், மரம் வெட்டுதல், உள்நாட்டு நீர்வழியாக வெட்டுமரம் கொண்டுசெல்லுதல், காட்டுத்தீ அணைத்தல் ஆகியவற்றில் ஈடுபடுத்தப்பட்டோர் அதன் ஒரே பதிவில் சேர்த்துக் கூறப்பட்டிருந்தனர். பனையும் மரவெட்டும் நீர்வழியும் ஒரு வரியில் அமைந்த இப்பதிவு, பழவேற்காடு போன்ற வட்டாரத்தின் தொழில் வாழ்வைக் கண்டு எழுதியதுபோல் உள்ளது. ஆயினும் அது விபத்துக்குப் பின் பேசிய சட்டம். வேலை கொடுத்தவர் ஒருவர் இருந்தால்தான் அதன்கீழ் இழப்பீடு கோர இயன்றது. புயலுக்குப் பின் தன் தெருவை மீட்க இறங்கிய மீனவர் எவருடைய தொழிலாளர் என்னும் வினாவுக்கு அதில் எளிய விடை இருக்கவில்லை.

மரத்தைக் காக்கும் விதிகள் வேறு வினாவை எழுப்புகின்றன. மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021இல் தமிழக அரசு அறிவித்த கட்டுப்பாடும் மரத்தை வெட்டலாமா என்று கேட்கின்றன. எவ்வாறு வெட்டுவது, யார் வெட்டுவது என்பவை அவற்றின் எல்லைக்குள் வரவில்லை. சங்கப் பாடலில் அரசனின் பெயருக்குப் பின் மறைந்த கை, காலனியக் கணக்கில் கூலியாகச் சுருங்கிய கை, இன்றைய அனுமதிப் படிவத்திலும் இடம்பெறவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு. பழவேற்காட்டுக் கரை 19ஆம் நூற்றாண்டு முதல் விறகு, கம்பு, காப்பு அரண் என வெவ்வேறு காரணங்களுக்காக மரத்தோடு பிணைக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வுறவைத் தாங்கிய வெட்டுத்தொழிலின் பாதுகாப்பு, கோடாலியின் மெதுவிலும் வீச்சுகளிடையே நிலவிய அமைதியிலும் கூட்டு உழைப்பிலும் அடங்கியிருந்தது. சங்கிலி வாள் உழைப்பின் வருத்தத்தைப் பெரிதும் குறைத்தது. அது மறுக்கவியலா நன்மை. ஆனால் மரத்தை அறுக்கும் நேரத்தைச் சுருக்கிய அளவிற்கு மரத்தை அறியும் நேரத்தை அது சுருக்க இயலாது. முன்வெட்டு, பின்வெட்டு, பிணை, ஆப்பு, விலகும் வழி ஆகியன கோடாலிக்காரருக்கும் தெரிந்தவையே. கருவி மாறியபோது கைவழக்கமாக இருந்த இவ்வறிவைச் சொல்வழக்கமாக மாற்றும் பணி மட்டும் நிறைவேறவில்லை.

இப்பணி தமிழாய்வுக்கும் உரியது. வெட்டு முறைகளுக்கு இசைவான தமிழ்ச் சொற்களை வகுத்தல், கோடாலி வேலையும் தென்னை இறக்கும் வேலையும் அறிந்த மூத்த தொழிலாளரின் சொல்வழக்குகளைத் தொகுத்தல், சவுக்கு, தென்னை, பனை ஆகிய உள்ளூர் மரங்களுக்கேற்பப் பயிற்சி நூல்களை எழுதுதல் ஆகியவை உடனடித் தேவைகள். புயல் எச்சரிக்கை வந்ததும் தோணியைக் கரையேற்றி எங்கே, எத்தனை கயிற்றால் கட்டவேண்டும் என்பதைத் தோணிரேவு போன்ற துறைகளில் எவரும் புதிதாகக் கற்றுக்கொள்வதில்லை. அது தலைமுறை அறிவு. புயல் கடந்த மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும் மரத்தின் எந்தப் பக்கத்தை முதலில் அறுப்பது என்பதும் அவ்வாறே ஊரறிந்த செய்தியாக வேண்டும்.